பழைய காரின் அடியில் வந்து வந்து மறையும் சத்தம்: பிடிப்பது எப்படி?

காருக்கு அடியில் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் கேட்பது "எங்கிருந்து வருகிறது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். "எப்போது வருகிறது?" என்பதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் இடம் தானே வெளிப்படும். இடத்தைப் பற்றிக் காது சொல்லும் சாட்சியம் நம்பத் தகாதது. இரும்பில் ஒலி, காற்றில் செல்வதைப் போல ஏறத்தாழ பதினைந்து மடங்கு வேகத்தில் ஓடும். வழியில் அதிகம் தேய்வதும் இல்லை. முன் சக்கரத்தருகே எழும் ஒரு தட்டல் குழாய் வழியாகவோ சட்டத்தின் வழியாகவோ ஓடி, தரைத் தகடு எங்கே அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறதோ அங்கே போய் முழங்கும். நீங்கள் பின் இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மெக்கானிக் தொழில் என்னுடையதல்ல. இருபது வயதை நெருங்கும் ஒரு காரை, விற்க மனமில்லாமல் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். முன்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். அந்த வயதில் ரப்பர் எல்லாம் காய்ந்துவிடும், தகடுகளில் துரு ஏறிவிடும், கிளிப்புகள் பாதி காணாமல் போயிருக்கும். சத்தங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றைத் துரத்தித் துரத்தி எனக்கென்று ஒரு முறை அமைந்துவிட்டது.

முதல் வேலை, ஒரு சிறு நோட்டு. சத்தம் வரும்போதெல்லாம் குறியுங்கள்: கிளம்பிய புதிதா, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகா, என்ன வேகம், என்ன கியர், கால் ஆக்சிலரேட்டரில் இருந்ததா, பிரேக்கில் இருந்ததா, இரண்டிலும் இல்லையா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, சாலை வழவழப்பா, குண்டும் குழியுமா, மழையா, வெயிலா, காரில் எத்தனை பேர், டேங்கில் எவ்வளவு பெட்ரோல். ஓட்டிக்கொண்டே எழுத வேண்டாம். கைப்பேசியில் குரல் பதிவைக் கிளம்பும்போதே ஓடவிட்டு, "மூன்றாம் கியர், நாற்பது, இடது திருப்பம், இதோ" என்று வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். சத்தமும் அதிலேயே பதிவாகிவிடும். பிறகு மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டலாம்.

சத்தம் வராத பயணங்களையும் குறிக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். "தனியாகப் போகும்போது வருவதில்லை" என்ற ஒரு வரி, வந்த நேரங்களைப் பற்றிய ஒரு பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

சத்தத்தின் இயல்பையும் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ஒரே ஒரு "டொக்" என்றால் பெரும்பாலும் எங்கோ ஓர் இணைப்பில் ஆட்டம் இருக்கிறது. "கிணுகிணு" என்று நடுங்கினால் மெல்லிய தகடு. "கீச்" என்றால் காய்ந்த ரப்பர், அல்லது தேய்ந்த பிரேக் பேட். வேகத்தோடு ஏறும் உறுமல், சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். ஒழுங்கான இடைவெளியில் "டக், டக்" என்றால் சுழலும் பொருள் ஏதோ ஒன்று.

அடியில் படுக்கும் முன் காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுத் தூணில் இடிக்கும் சீட் பெல்ட் கொக்கி ஆகியவையும் இதில் சேர்த்தி. ஸ்டெப்னியை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தால், பின் ஆக்ஸிலே கழன்றுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குச் சத்தம் போடும். கூடவே நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் சரிபாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். மெதுவாகப் போகும்போது சக்கரத்திலிருந்து டொக்டொக் என்று கேட்டால், வேறு எதையும் யோசிக்கும் முன் நிறுத்தி நட்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

சாலையில் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆளில்லாத, நேரான சாலை ஒன்று வேண்டும். கூடவே காது கூர்மையான ஒருவர். என் தம்பி மகனுக்குப் பதினாறு வயது. அவன் கேட்கும் கீச்சுகளில் பாதி என் காதுக்கு எட்டுவதே இல்லை.

முதலில் சத்தம் இன்ஜினைச் சேர்ந்ததா, சக்கரங்களைச் சேர்ந்ததா என்று பிரிக்க வேண்டும். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளச்சை மிதியுங்கள். இன்ஜின் ஓட்டம் குறையும். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சத்தம் அந்தக் கணமே மாறினால் இன்ஜின், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள், சைலன்சர் குழாய், அந்தக் குழாயைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புத் தகடு என்று தேட வேண்டும். மாறவில்லை என்றால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஓடும் காரில் அதைச் செய்யக் கூடாது: ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசை சில மிதிகளில் தீர்ந்துவிடும், சாவி தவறினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

ஒழுங்கான இடைவெளியில் வரும் சத்தம் என்றால் எண்ணுங்கள். சிறிய, நடுத்தரக் கார்களின் டயர் ஒரு சுற்றுக்கு 1.8 முதல் 2 மீட்டர் வரை உருளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ மூன்று சுற்று. விரலால் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிப் பார்க்கக்கூடிய வேகம்தான். தட்டல் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் அது சக்கரத்தோடு சுழலும் ஒன்று: டயரில் சிக்கிய கல், வளைந்த பிரேக் டிஸ்க், முன்சக்கர இயக்கக் காரில் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில். பின்சக்கர இயக்கமாக இருந்தால் நடுவில் ஓடும் நீண்ட ஷாஃப்ட் சக்கரத்தைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுழலும். நிறுத்தி வைத்த காரில் இன்ஜின் 800 சுற்றில் ஓடுகிறது என்றால் வினாடிக்குப் பதின்மூன்று சுற்று. அந்தச் சத்தத்தை விரலால் எண்ண முடியாது, இரைச்சலாகத்தான் கேட்கும்.

அடுத்தது திருப்பம். உறுமல் சத்தம் என்றால் மிதமான வேகத்தில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமுமாக அசையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது காரின் எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான். சத்தம் மாறவே இல்லை, ஆனால் சாலையின் தளம் மாறினால் மாறுகிறது என்றால் டயரைச் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக, ஆக்சிலரேட்டர் கொடுத்துத் திரும்பும்போது "டக்டக்டக்" என்று வந்தால் ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மேடு பள்ளத்தில் வரும் சத்தத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரு வேகத்தடையை நேராக, இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாகக் கடந்து பாருங்கள். பிறகு சாய்வாக, ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக ஏறும்படி கடந்து பாருங்கள். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, சாய்வாகப் போகும்போது மட்டும் டொக்கென்றால் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் லிங்க் (அதைச் சக்கரப் பக்கம் இணைக்கும் சிறு தண்டு) அல்லது புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உறை). இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் அந்தக் கம்பி முறுகாது. ஒன்று மட்டும் ஏறினால்தான் முறுகி, தேய்ந்த லிங்கைத் தட்டும். இரண்டு முறையும் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்ட், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் என்று நகர வேண்டும்.

குலுங்கும் சாலையில் லொடலொடக்கிறது என்றால் பிரேக் பெடலில் காலை இலேசாக வையுங்கள், கார் நிற்காத அளவுக்கு. சத்தம் சட்டென்று அடங்கினால், பேட் தன் இடத்தில் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் கிளிப் போயிருக்கும். பிரேக் அழுத்தும்போது ஒரு டொக், ரிவர்ஸில் கிளம்பும்போது ஒரு டொக் என்றால் லோயர் ஆர்மின் புஷ், இல்லாவிட்டால் இன்ஜின் மவுண்ட்.

எந்தப் பக்கம் என்பதை அறிய நீளமான மதில் ஒன்றின் ஓரமாக, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள். பிறகு திரும்பி வந்து மதிலை மறுபக்கம் வைத்து ஓட்டுங்கள். மதில் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். இதில் காது சொல்வதை நான் ஓரளவு ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் இங்கே வருவது தரைத் தகடு வழியாக வந்த ஒலி அல்ல.

அடியில் நுழையும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடாதீர்கள். கெட்டியான சமதளம், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கி தூக்கிய பிறகு எடையை ஏற்க ஸ்டாண்டு, பிறகு காரைக் கையால் பலமாக அசைத்துப் பார்ப்பது. இவ்வளவும் ஆன பிறகே உள்ளே போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது அடியில் படுக்கக் கூடாது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓடி வந்த கார் முழுவதும் ஆறும்வரை சைலன்சர் குழாய்ப் பக்கம் கை போகக் கூடாது. ஸ்டாண்டு இல்லாதவர்கள் பட்டறையில் லிஃப்டில் ஏற்றச் சொல்லி நின்றபடி பார்ப்பதே நல்லது.

உள்ளே போனதும் உடனே தட்ட ஆரம்பிக்க வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். பழைய காரின் அடிப்பகுதி முழுவதும் மண்ணும் துருவும் படிந்து ஒரே நிறமாக இருக்கும். அதில் காசு அளவுக்கு ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அங்கே இரண்டு உலோகங்கள் உரசுகின்றன. செம்பழுப்புப் பொடி உதிர்ந்து கோடு போட்டிருந்தால், அந்த போல்ட்டோ தகடோ அசைந்துகொண்டிருக்கிறது. ரப்பரின் ஓரத்தில் கறுப்புத் தூள் இருந்தால் அந்த புஷ் அரைபடுகிறது. ஈரம் பிசுபிசுக்கும் ஷாக் அப்சார்பர் கசிகிறது. அடியில் படுத்துப் பழகியவர்கள் காதைவிடக் கண்ணையே நம்புவதற்கு இதுதான் காரணம்.

பிறகு ரப்பர் சுத்தியலால், அல்லது கையுறை போட்ட முஷ்டியால், முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். குழாய், வெப்பத் தகடு, சைலன்சர் டப்பா, அடி பிளாஸ்டிக் மூடி, ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் டிஸ்கின் பின்னால் இருக்கும் தூசித் தகடு என்று ஒவ்வொன்றாக. சைலன்சருக்குள் ஏதோ உருண்டால் உள்தகடு கழன்றிருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் கலகலத்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. அந்தத் துண்டுகள் பின்னால் போய் வழியை அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. வெப்பத் தகடுதான் பழைய கார்களில் முதல் குற்றவாளி. அதன் போல்ட் துளையைத் துரு தின்று அகலமாக்கிவிடும். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு வரும்போது மட்டும் தகடு நடுங்கும், சூடேறி விரிந்ததும் அமைதியாகிவிடும். பெரிய வாஷர் ஒன்று போட்டு இறுக்கலாம். துளையே இல்லாமல் போயிருந்தால், துருப்பிடிக்காத எஃகில் செய்த நீளமான ஹோஸ் கிளிப்பால் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடலாம். தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவது வேண்டாம். அது தரைக்கும் பெட்ரோல் குழாய்க்கும் சூடு போகாமல் தடுக்கிறது.

என் காரில் வந்த ஒரு சத்தம், "எப்போது" என்ற கேள்வியின் பலத்தை நன்றாகக் காட்டும். பின் இருக்கைக்கு அடியில், பெட்ரோல் டேங்கை யாரோ தட்டுவது போல ஒரு மந்தமான டொக். நோட்டைப் புரட்டினால் மூன்று நிபந்தனைகள் தெரிந்தன: கால் மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், சாலையில் பள்ளம் வேண்டும். பெட்ரோல் அளவு எதுவாக இருந்தாலும் சத்தம் வந்தது, ஆகவே டேங்க் அல்ல. சூடானால்தான் வருகிறது என்றால் சூட்டில் மாறக்கூடிய பொருள். அடியில் அப்படி இருப்பது முக்கியமாகச் சைலன்சர் குழாய். இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் நீளும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் உடல் இறங்கும். அதாவது பின் ஆக்ஸில், குழாயை நோக்கி மேலே வரும். குழாய் ஆக்ஸிலைத் தாண்டி வளைந்து போகும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். மேலிருக்கும் குழாயின் வளைவில் பளபளவென்று ஒரு தேய்மானம். நேர் கீழே ஆக்ஸிலிலும் அதற்கு ஜோடியாக ஒன்று. குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் வயதில் நீண்டு, குழாய் தாழ்ந்திருந்தது. ஆறிய காரை ஜாக்கியில் தூக்கினால் ஆக்ஸில் கீழே தொங்கிவிடும். இடைவெளி தாராளமாகத் தெரியும். அப்படிப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. புது ரப்பர் வளையங்கள் போட்டதும் சத்தம் தீர்ந்தது.

இதிலிருந்து ஒரு செய்முறை கிடைக்கிறது: தூக்கி நிறுத்திய காரும் சாலையில் நிற்கும் காரும் ஒன்றல்ல. சக்கரம் தொங்கும்போது இணைப்புகளின் கோணமும் சுமையும் மாறிவிடும். சந்தேகமான இடங்களில் வெள்ளைப் பெயின்டோ சாக்குக்கட்டியோ தடவி, கீழே இறக்கி, சத்தம் வரும் அதே நிலைமையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தடவியது எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசல்.

சக்கரத்தில் ஆட்டம் பார்ப்பது

தூக்கிய சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு) அல்லது சஸ்பென்ஷன் இணைப்பு. 9, 3 இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனையான டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். நின்ற காரில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் "டொய்ங்" என்று வந்தால், ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு, முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங்கின் மேல் விரலை இலேசாக வையுங்கள், கம்பிகளுக்கு நடுவே விரலை நுழைக்காமல். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுகித் துள்ளினால் மேல் மவுண்டின் பேரிங் இறுகிவிட்டது.

ரப்பர் கீச்சுக்குத் தண்ணீர் போதும். தெளிப்பானில் எடுத்து ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்து, காரின் அந்த மூலையை அமுக்கி அமுக்கிப் பாருங்கள். கீச் நிற்கவில்லையா, அடுத்த புஷ். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நனைத்தால் எது என்று தெரியாமலே போகும். இன்ஜின் ஆயிலைத் தெளிக்க வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். மழை நாளில் மட்டும் சத்தம் காணாமல் போகிறது என்று நோட்டில் இருந்தால் காய்ந்த ரப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"டிஸ்கை யாரோ அரத்தால் ராவுகிறார்கள்" என்பது போன்ற சத்தம் திடீரென்று வந்தால் டிஸ்குக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். சிறிது தூரம் ரிவர்ஸில் எடுத்தால் பல நேரம் விழுந்துவிடும்.

சில சத்தங்களுக்கு நோட்டும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். பால் ஜாயின்டில் கையால் அசைத்தாலே தெரியும் ஆட்டம், கரகரவென்று உறுமும் பேரிங், உலோகத்தோடு உலோகம் உரசும் பிரேக், சத்தத்தோடு சேர்ந்து ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, பெட்ரோல் வாடை. இவற்றில் எது இருந்தாலும் காரை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

பட்டறைக்குக் கொண்டுபோனால் "சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அங்கே சத்தம் வராது. நிபந்தனைகளைச் சொல்லுங்கள், குரல் பதிவைப் போட்டுக் காட்டுங்கள், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிச் சத்தத்தை வரவழையுங்கள். "லிங்க், புஷ், மவுண்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் அம்மா" என்றால், ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. சத்தம் திரும்ப வந்தால் தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையில் அசைத்துப் பாருங்கள். ஆட்டமே இல்லாத பாகத்தைக் கழற்றியிருந்தால் குற்றவாளி இன்னும் அடியில்தான் இருக்கிறது.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால் அதன் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது, காரின் எடை சக்கரங்களில் இருக்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரமே கிழியும். அவசரப் பட்டறைகளில் அடிக்கடி தவறுவது இங்கேதான். பக்கத்தில் நின்று கேட்டுவிடுவதில் வெட்கம் வேண்டாம். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

பிறகு நோட்டில் எழுதிய நிபந்தனைகளையெல்லாம் வேண்டுமென்றே ஒன்றுசேர்த்து ஓட்டுங்கள்: அதே சூடு, அதே எடை, அதே பள்ளம், அதே திருப்பம். அதில் அமைதியாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கோடு போட்டு மூடிவிடலாம். பெரிய சத்தம் போனதும் அதற்குள் மறைந்திருந்த சிறிய கிணுகிணு ஒன்று இப்போது காதில் விழக்கூடும். புதிதாக மாட்டியதைக் குறை சொல்ல வேண்டாம்; முன்பே இருந்திருக்கும். அதற்கு அடுத்த பக்கம்.